அம்மனுக்கு விட்ட பால்

வேண்டுதலைப் பத்திக் கேக்கவா வந்தீங்க? யாருங்க சொன்னாங்க உங்களுக்கு? சரி, முதல்ல உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, அதுக்கு ஒரு கால் ஆட்டம். இந்தக் கட்டில்ல உக்காருங்க. பிள்ளையைத் தோள்ல இருந்து இறக்கி மடியில போட்டுக்குங்க, கை மரத்துப் போயிருக்கும். ஓலக்காட்டுல இருந்து நடந்தேவா வந்தீங்க? இந்த வெயில்லயா? இருங்க, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தண்ணி தரேன். மோர் குடுக்கலாம், ஆனா எங்க வீட்டுல மோர் கிடையாது. சிரிப்பா இருக்குதுங்களா? எனக்கும் சிரிப்புத்தான். கொட்டகையில மாடு வரிசையா நிக்குது, இந்த ஊருல பாதி வீட்டுக்கு எங்க பால்தான், வந்தவங்களுக்கு ஒரு டம்ளர் மோருக்கு வழியில்லை.

பையில பால் பாட்டில் ஏதாச்சும் இருக்குதுங்களா? இல்லையா? அப்பச் சரி. இருந்தா வெளிய எடுக்காதீங்கன்னு சொல்லத்தான் கேட்டேன். இவ பார்த்தான்னா பிடுங்கி வாயில வெச்சுக்குவா. இவதான் மகிழினி. மயிலாத்தா பேத்தின்னு கேட்டு வந்தீங்களே, அது இவதான். மயிலாத்தாங்கறது எங்க அத்தை, என் மாமியாருங்க. புல்லறுக்கப் போயிருக்காங்க. வர்ற நேரந்தான்.

அவங்க வர்றதுக்குள்ள சொல்லிடறேன். வேண்டுதல்னு ஒண்ணு இல்லவே இல்லைங்க. அது நான் சொன்ன பொய்.

அப்படிப் பாக்காதீங்க. அவ்வளவு தூரம் நடந்து வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பறாளேன்னு நினைக்காதீங்க. உங்க பிள்ளைக்கும் இவளை மாதிரியே கன்னமெல்லாம் சிவந்து பொரிப்பொரியா இருந்துச்சுன்னு சொன்னீங்க இல்ல, அதனாலதான் சொல்றேன். வேற யாராச்சும்னா, ஆமாங்க, மாகாளியம்மன் கண்ணைத் தொறந்துட்டான்னு சொல்லி அனுப்பிச்சிருப்பேன். ரொம்ப நாளா அப்படித்தான் அனுப்பிச்சேன்.

இவ பொறந்து மூணாவது மாசம் ஆரம்பிச்சுதுங்க. முதல்ல கன்னம். அப்பறம் முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்னாடி. சொறிஞ்சு சொறிஞ்சு தண்ணி கசியும். குடிச்ச பாலைக் கக்கிடுவா. மலத்துல சளியும் ரத்தமும். வேப்பிலை அரைச்சுப் பூசினோம். சீர் தட்டிடுச்சு, தீட்டுப் பட்ட தோசம்னாங்க, மந்திரிச்சோம். நான் ஒரு பக்கம் நல்லா சாப்பிட்டுட்டு இருந்தேன். பிள்ளை பெத்தவ பால் குடிச்சாத்தான் பால் ஊறும்பாங்களே, அப்படி. காலையில ஒரு சொம்பு பால், மத்தியானம் கெட்டித் தயிரு, ராத்திரி சோத்துல நெய்யி. எங்கம்மா வீட்டுல ஒரு கரண்டித் தயிருக்கு நாங்க அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் அடிச்சுக்குவோம். இங்க வாழ்க்கைப்பட்டு வந்தப்ப, தயிர்ப் பானையைப் பார்த்துத்தான் எனக்கு இந்த வீடு பிடிச்சுதுன்னே சொல்லலாம். எங்க வீட்டுக்காரர் லாரியில போறவரு, பாதி நாள் வெளியூர்தான். தயிராச்சும் கூட இருந்துச்சு.

டவுன்ல ஒரு டாக்டரம்மா. எல்லாத்தையும் கேட்டுட்டு, "நீங்க சாப்பிடற பாலுதான் உங்க தாய்ப்பால் வழியா பிள்ளைக்குப் போகுது. மாட்டுப்பால் இவளுக்கு ஒத்துக்கலை. நீங்க பால் குடுக்கறதை நிறுத்த வேண்டாம், நீங்க பாலு தயிரு சாப்பிடறதை நிறுத்துங்க"ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "நான் பால்கார வீட்டு மருமகளுங்க டாக்டர்"னேன். அவங்க சிரிக்கலை.

நிறுத்தினேன். நிசமாத்தாங்க, ஒரு வாய் தொடலை. ரசஞ்சோத்தோட கை கழுவிட்டு எந்திரிக்கறப்ப, சாப்பிடாமயே எந்திரிச்ச மாதிரி இருக்கும். ஆனா அடுத்த மாசமே இவ தோலு ஆறிடுச்சு. அப்பறம் சோறு ஊட்டற வயசுல முட்டை மஞ்சக்கரு துளி குடுத்தோம், உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா வந்துடுச்சு. அதுவும் ஆகாதுன்னு ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லிட்டாங்க. வளர வளரப் பாதிப் பிள்ளைகளுக்குச் சரியாயிடுமாம். அதுவரைக்கும் பிஸ்கட்டு, கேக்கு, ரொட்டி எதுவானாலும் பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சுட்டுத்தான் வாங்கணும். நான் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவ, இங்கிலீசை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கடைக்கார அண்ணன், "என்ன புள்ள, பரிச்சைக்கா படிக்கறே?"ம்பாரு. பரிச்சைதாங்க. பாலுக்கு எத்தனை பேரு தெரியுமா அவங்க வெச்சிருக்கறாங்க! கேசின்ங்கறான், வே பவுடர்ங்கறான். மாறுவேசம் போட்ட திருடனைப் பிடிக்கற மாதிரி பிடிக்கணும்.

இதெல்லாம் சிரமமே இல்லைங்க. மனுசங்கதான் சிரமம்.

அலர்ஜின்னு சொன்னா யாரு கேக்கறாங்க? "பாலு எந்தப் பிள்ளைக்காச்சும் ஆகாம போகுமா?" "மாட்டுப்பால் ஆகலைன்னா ஆட்டுப்பால் குடு." அதுவும் ஆகாதுங்க, ரெண்டும் பங்காளிங்கதான்னு டாக்டரம்மா சொன்னாங்க. "கழுதைப்பால் குடு." "டாக்டருக்கு வருமானம் வேணுமில்ல, அப்படித்தான் சொல்லுவாங்க." சொல்லிட்டுப் போகட்டும், எனக்கென்ன. ஆனா இது எந்த வீடு? காலையில ஊர்ப் பொம்பளைங்க பால் வாங்கப் போசியைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிக்கற வீடு. புது வீடு கட்டினா, பால் காய்ச்சற அன்னைக்கு எங்க அத்தை கையாலதான் பால் வாங்கிட்டுப் போவாங்க. ராசியான கையின்னு பேரு. அந்த வீட்டுப் பேத்திக்கு அந்தக் கட்டுத்தரை மாட்டுப் பாலே விசம்னா ஊரு என்ன சொல்லும்? அதனால ரெண்டு மூணு பேருகிட்டச் சொன்னதோட சரி, அப்பறம் நான் வெளிய சொல்லவே இல்லை. அவங்க யாவாரத்துக்காகத்தாங்க.

எங்க அத்தை எப்படின்னா, பேச மாட்டாங்க. செய்வாங்க, சொல்ல மாட்டாங்க. டாக்டர்கிட்டப் போயிட்டு வந்த மறுநாளே தயிர்ப் பானை, நெய்ச் சட்டி எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயி மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில வெச்சுட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க? நான் திருட்டுத்தனமாத் தின்னுடுவேனாக்கும்! அவங்களும் கடுங்காப்பிதான் குடிக்க ஆரம்பிச்சாங்க. அறுபது வயசு வரைக்கும் கள்ளிச்சொட்டாட்டம் கெட்டிப் பால் ஊத்திக் காப்பி குடிச்சவங்க. என் எதுக்க உக்காந்து அந்தக் கறுப்புத் தண்ணியைக் குடிக்கறப்ப, என்னைக் குத்திக் காட்டற மாதிரியே இருக்கும். அதைவிட, பால் கறந்துட்டு வந்தா பேத்தியைத் தொடவே மாட்டாங்க. இவ "ஆத்தா, ஆத்தா"ன்னு தவழ்ந்து போயி காலைப் பிடிப்பா. அவங்க விலகிப் போயிடுவாங்க. நேரா தொட்டிக்குப் போயி, சோப்புப் போட்டு, சீலை மாத்திட்டு வந்துதான் தூக்குவாங்க. பால் ஆகாத பிள்ளைன்னு வெறுப்புன்னு நினைச்சுக்கிட்டேன். எங்கம்மாகிட்ட போன்ல சொல்லி அழுதேன்கூட.

தண்ணி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா? உங்க பிள்ளை சமத்துங்க. வந்ததுல இருந்து சிணுங்கக்கூட இல்லை. இவ இருக்கறாளே, ஒரு இடத்துல நிக்க மாட்டா. மகி, அந்தச் செருப்பைக் கீழ போடு.

எங்க விட்டேன்? ஆங், லோகாக்கா. எதுத்த வீடு. நல்ல மனுசிதாங்க, வாய்தான் நீளம். அவங்க மகளுக்கு வளைகாப்பு. நான் இவளை இடுப்புல வெச்சுட்டு நிக்கறேன். பாயசச் சட்டியில இருந்து விரலைத் தொட்டு, "ஒரு சொட்டுல என்ன ஆயிடப் போகுது, சும்மா இரு புள்ள"ன்னு நான் திரும்பறதுக்குள்ள இவ நாக்குல தடவிட்டாங்க.

உதடு வீங்கிடுச்சுங்க. கண்ணு மூடிக்கிச்சு. மூச்சு கீச்சுக் கீச்சுன்னு இழுக்குது. பந்தல்ல இருந்த ஒரு தம்பி வண்டியில தூக்கிப் போட்டுட்டுப் போனான். ஊசி போட்டுத்தான் மூச்சு வந்துச்சு. அடுத்த தடவை இன்னும் மோசமாப் போகலாம், ஒரு சொட்டும் படக்கூடாதுன்னாங்க டாக்டரம்மா.

திரும்பி வந்து இறங்கறேன், வாசல்ல நாலு பேரு. லோகாக்கா பாவம், பயந்துதான் போயிருந்தாங்க. பயத்துலதான் பேசினாங்கன்னு இப்பத் தெரியுது. "நான் விரல்லதான தொட்டேன்! அந்தப் பிள்ளைக்குப் பெத்தவ பாலே ஆகலையாமே, என் பாயசத்தைச் சொன்னா?"ன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்த யாரோ சொல்லியிருப்பாங்க. இன்னொருத்தி, "தாய்ப்பாலே விசமா இறங்குதுன்னா அது அவ ஒடம்புல இருக்கற கோளாறு"ங்கறா. என் மார்பைப் பார்த்துட்டே சொல்றா. நான் முந்தானையை இழுத்து மூடிக்கிட்டு உள்ள போயிட்டேன்.

அதுக்கப்பறம் ஒரு நாள் காலையில பால் வாங்க வந்த பெரியம்மா ஒருத்தங்க, மடியில கட்டிட்டு வந்த பால்கோவாவைப் பிட்டு இவ வாய்கிட்டக் கொண்டுட்டு வந்தாங்க. என் நாக்கு அதுவாப் பேசிடுச்சுங்க. "வேண்டாங்க பெரியம்மா, வேண்டுதல்!"

"என்ன வேண்டுதல்?"

"மாகாளியம்மனுக்குப் பாலை விட்டிருக்கறோம். காது குத்தற வரைக்கும் பாலு, தயிரு, நெய்யி, முட்டை எதுவும் இவ வாயில படக்கூடாது."

அந்தக் கை அப்படியே நின்னுச்சுங்க. டாக்டர் சொன்னதுக்கு நிக்காத கை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினதுக்கு நிக்காத ஊரு, அந்த ஒரு வார்த்தைக்கு நின்னுச்சு. பெரியம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "தெரியாமப் போச்சே தாயே, நல்லவேளை சொன்னே"ன்னு பால்கோவாவை மடியில கட்டிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு போச்சு. மறுநாள்ல இருந்து ஒருத்தரும் கிட்ட வரலை. கடைக்கார அண்ணன்கூட, "இந்த பிஸ்கட்டுல பால் இருக்குது புள்ள, வேண்டுதலுக்கு ஆகாது"ன்னு அவரே படிச்சுச் சொல்றாரு! லோகாக்கா பாயசம் வெச்சா எங்களுக்குத் தனியாத் தேங்காய்ப்பால்ல வெச்சாங்க, கரண்டியைக்கூட மாத்தி. எனக்கு என்ன பெருமை தெரியுங்களா? படிச்ச டாக்டரால முடியாததை நான் செஞ்சுட்டேன்னு.

அத்தை மட்டும்தான் வெளக்குமாத்தை வெச்சுட்டு என்னைப் பார்த்தாங்க. "ஏனம்மிணி, சாமியை எதுக்கு நடுவுல இழுத்தே?"

"அப்பத்தான அத்தை கேக்கறாங்க."

"ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லு. எத்தனை தடவை கேட்டாலும் சொல்லு."

"சொன்னா உங்க பாலை யாரு வாங்குவாங்க?"

"வாங்காட்டிப் போகட்டும். நான் உன்னைக் கேட்டனா?"

அவங்களுக்கென்ன, சொல்லுவாங்க. ஊரு என் மார்பைப் பார்த்தது அவங்களுக்குத் தெரியுமா? யாராச்சும் வேண்டுதலைப் பத்திக் கேட்டா, அத்தை வாளியை எடுத்துட்டுக் கொட்டகைக்குப் போயிடுவாங்க.

நான் பண்ணின முட்டாள்தனம் என்னன்னா, காது குத்தற வரைக்கும்னு சொன்னது. சும்மா வாய்க்கு வந்ததுங்க. அப்ப அது எங்கயோ தூரத்துல இருந்த மாதிரி இருந்துச்சு. பிள்ளை நிக்கவா போகுது? வளர்ந்துடுச்சு. எங்க வீட்டுக்காரரும் லீவு போட்டுட்டு வந்துட்டாரு, எங்க அண்ணன் தாய்மாமன் சீரோட வந்துட்டாரு. நாள் குறிச்சாச்சு. அதுக்கு முன்னாடி கோயில்ல பூசை பண்ற பண்டாரம் வீட்டுக்கு வந்தாரு, சந்தோசமா. "அம்மா, வேண்டுதல் முடியற நாளு. ஊரே சேர்ந்து அம்மனுக்குப் பால் ஊத்தறோம்னு சொல்லியிருக்காங்க. அம்மன் தலையில ஊத்தின பாலை ஒரு பாலாடையில மொண்டு பிள்ளைக்குப் புகட்டி வேண்டுதலை முடிச்சு வெச்சுடலாம், இனிமேப் பாலால ஒண்ணும் ஆகாது, அம்மன் பார்த்துக்குவா"ங்கறாரு.

"சரிங்க"ன்னேன்.

அப்பவும் சொல்லியிருக்கலாம். சொல்லலையே! மூளைக்காரியில்ல நானு? தேங்காய்ப்பால் எடுத்துச் சின்னத் தூக்குப் போசியில ஊத்திக்கிட்டேன். அம்மனுக்கு முன்னாடி வெச்சு எடுத்து, எங்க அண்ணன் கையில குடுத்து, அதைப் புகட்டச் சொல்லிடலாம். வெள்ளையாத்தான இருக்குது, யாருக்குத் தெரியப் போகுது?

கோயில்ல ஊரே கூடியிருக்குது. ஆளாளுக்குச் சொம்புல பாலு. எங்ககிட்ட வாங்கின பாலையே எங்க பிள்ளைக்காகக் கொண்டுட்டு வந்திருக்காங்க. லோகாக்கா விரதம் இருந்து, ஈரச் சீலையோட நிக்கறாங்க. எனக்கு நிமிந்து பார்க்க முடியலை. மொட்டை அடிச்சுச் சந்தனம் பூசி, எங்க அண்ணன் மடியில உக்கார வெச்சுக் காது குத்தினாங்க. இவ வீல்னு கத்தறா. நான் தூக்குப் போசியைத் தேடறேன், காணோம். லோகாக்கா சிரிச்சுட்டே, "தனியா எதுக்கு புள்ள, எல்லாம் ஒண்ணாச் சேரட்டும்னு அண்டாவுல ஊத்திட்டேன்"ங்கறாங்க.

பண்டாரம் அபிசேகம் பண்ணின பாலை மொண்டுட்டு வந்துட்டாரு. இவ அழுதுட்டு இருக்கறா, வாயி தொறந்துதான் இருக்குது. அவரு குனியறாரு. ஒரு சொட்டு பட்டா என்ன ஆகும்னு அந்தக் கூட்டத்துல என்னைவிட யாருக்குங்க தெரியும்? ஒரு வார்த்தை போதும், "வேண்டாம்"னு. அந்த வார்த்தையைச் சொன்னா அடுத்து, ஏன்னு கேப்பாங்க. சாமி முன்னாடி, ஊரு முன்னாடி, ஈரச் சீலையோட நிக்கற லோகாக்கா முன்னாடி. வாயைத் தொறந்தேன். "அண்ணா"ன்னு மட்டுந்தான் வந்துச்சு. எங்க அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிச்சாரு.

எனக்குப் பின்னாடி இருந்து ஒரு கை வந்து இவ வாயைப் பொத்துச்சு. பாலு அந்தப் புறங்கையில வழியுது. அத்தை.

"பாலு ஆகாதுங்க எம் பேத்திக்கு. பட்டா உசிரு போயிடும்"னாங்க.

பண்டாரம், "வேண்டுதல்னு சொன்னீங்களேம்மா?"

"வேண்டுதலுமில்லை ஒண்ணுமில்லை. எங்க கட்டுத்தரைப் பாலே அவளுக்கு ஆகாது. அதான் நெசம்."

எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. நான்தான ஊரு பூராவும் சொன்னவ. நான் என் கால் விரலைப் பார்த்துட்டு நின்னேன். மெட்டியைப் பார்த்துட்டு நின்னேன். அப்ப அத்தை சொன்னாங்க: "அவளைப் பாக்காதீங்க. நான்தான் சொல்லச் சொன்னேன். யாவாரம் படுத்துடுமேன்னு பயந்துட்டு, இந்தப் பிள்ளையைப் பொய் சொல்ல வெச்சது நான்தான்."

நான் சும்மா நின்னேங்க.

"அதான பார்த்தேன், மயிலாத்தா கணக்கில்லாம ஒண்ணும் செய்ய மாட்டாளே"ன்னு ஒரு குரல். "பாலு விக்கறதுக்குச் சாமி பேருல பொய்யா?"ன்னு ஒரு குரல். லோகாக்கா சொம்பைக் கவுத்துட்டுப் போயிட்டாங்க. அத்தை அந்தக் கையை உடம்புல படாமத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே குழாயடிக்குப் போனாங்க. கழுவினாங்க, கழுவினாங்க, அவ்வளவு நேரம் கழுவினாங்க. அப்பறம் வந்துதான் இவளைத் தூக்கினாங்க. அன்னைக்குத்தாங்க எனக்கு உறைச்சுது. வெறுப்பில்லை அது. கறந்த கையோட பிள்ளையைத் தொடக்கூடாதுன்னு. எனக்கு டாக்டரம்மா சொன்னதை அவங்க ஒரு தடவைதான் கேட்டாங்க, அதை அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க.

வீட்டுல எங்க வீட்டுக்காரர் அவங்க அம்மாவைச் சத்தம் போட்டாரு. "எதுக்கும்மா இப்படிப் பண்ணினே?" நான் அடுப்படியில இருந்தேன். கேட்டுட்டுத்தான் இருந்தேன். அவங்க, "விட்றா, ஆனது ஆயிப் போச்சு"ன்னுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க.

பாதிப் பேரு பாக்கெட் பாலுக்குப் போயிட்டாங்க. அது போகட்டும். மேக்கால வீதியில புது வீடு ஒண்ணு பால் காய்ச்சினாங்க, போன வாரம். எங்க வாசலைத் தாண்டி வேற ஊருல போயி வாங்கிட்டு வந்தாங்க. அத்தை கதவுகிட்ட நின்னு பார்த்துட்டு உள்ள வந்து, நல்லா இருந்த வாளியை எடுத்து மறுபடியும் தேய்ச்சாங்க.

நான் இன்னும் சொல்லலைங்க. ஊருல ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. எல்லாம் அவங்க யாவாரத்துக்காகத்தான்னு... இல்லைங்க. எத்தனை தடவை அதையே சொல்றேன் பாருங்க. யாவாரத்துக்காக இல்லை. என் பாலு என் பிள்ளைக்கு ஆகலைன்னு ஊரு பேசறது எனக்கு வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான்.

உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். வேற ஊரு நீங்க, அதனால வாயில வந்துடுச்சு போல.

சரி, நான் பாட்டுக்கு என் கதையையே சொல்லிட்டு இருக்கறேன். உங்க பிள்ளைக்கு எத்தனை மாசம்? ஒம்பதா? ஒம்பது மாசத்துக்கு ரொம்பச் சின்னமா இருக்குதே. பாலு எப்ப நிறுத்தினீங்க? வேண்டுதலைக் கேள்விப்பட்டதுல இருந்தா? நீங்களாவேவா? டாக்டர்கிட்டக் காட்டலையா? பாலை நிறுத்திட்டு வேற என்ன குடுக்கறீங்க?

கஞ்சித் தண்ணியா?

அது மட்டுமா?

ஏனுங்க, தாய்ப்பாலு? நின்னு போச்சுங்களா. பருப்பு, கேழ்வரகு, ஒண்ணும் குடுக்கலையா? எது ஆகும் எது ஆகாதுன்னு பயந்துட்டா? ஐயோ. இங்க குடுங்க பிள்ளையை. சாமி, இங்க பாரு சாமி. கண்ணைத் தொறக்குதுங்க, ஆனா... இது சமத்து இல்லைங்க. அழறதுக்குத் தெம்பில்லை இதுக்கு. நான் ஒரு கூறு கெட்டவ, வந்ததுல இருந்து சிணுங்கலைன்னு மெச்சிக்கிட்டு உக்காந்திருக்கறேன்.

நீங்க அழாதீங்க. உங்க மேல தப்பில்லை. வேண்டுதல்னா கேட்டு நடக்கறவங்கதான நாம. அது எங்க வாயில இருந்து கிளம்புச்சுன்னு எனக்குத்தான தெரியும். உங்க பிள்ளைக்குப் பாலுதான் ஆகலையா, வேற என்னமான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பாலே ஆகாம இருந்தாலும் அதுக்குன்னு கரைச்சுக் குடுக்கற தனி மாவு இருக்குது, இவளுக்கே கொஞ்ச நாள் குடுத்தோம். டாக்டரம்மா சொல்லுவாங்க. எந்திரிங்க. டவுன் பஸ் வர்ற நேரந்தான். நானும் வரேன். இல்லை, நீங்க தனியாப் போக வேண்டாம், நான் வரேன். அங்க அவங்க, ஏம்மா இப்படிப் பண்ணினேன்னு உங்களைத் திட்டுவாங்க. அப்ப நான் பக்கத்துல இருக்கணும்.

வாசக் கேட்டு தொறக்கற சத்தம் கேக்குதுங்களா? அத்தை வந்துட்டாங்க.

அத்தை, இவங்க ஓலக்காடு. வேண்டுதலைக் கேட்டு வந்திருக்காங்க. நீங்க இருங்க அத்தை, வாயைத் தொறக்காதீங்க. நான்தான் சொல்லச் சொன்னேன்னு ஆரம்பிச்சுடாதீங்க. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீங்க வேண்டாம்னு சொன்னதையும் சொல்லிட்டேன். கோயில்ல நான் கட்டையாட்டம் நின்னதையும் சொல்லிட்டேன். இந்தப் பிள்ளையைப் பாருங்க, வெறுங்கஞ்சித் தண்ணியில கிடக்குது, என்னாலதான். நான் இவங்களை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். மகி உங்ககிட்ட இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டுக்குக் கோயில் வழியாத்தான போகணும், பண்டாரம் இருந்தா நின்னு சொல்லிட்டுப் போறேன். லோகாக்கா வாசல்லதான் உக்காந்திருக்காங்க, அவங்ககிட்ட முதல்ல சொல்லிட்டு... சொல்லிடுவேன் அத்தை. இந்தத் தடவை சொல்லிடுவேன். எனக்கு உங்க மூஞ்சியைப் பார்க்க முடியலை. என்னங்கத்தை, அப்படியே நிக்கறீங்க? ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்களே. திட்டணும்னா திட்டிடுங்க. ஏதாச்சும் சொல்லுங்க அத்தை.

"முதல்ல இந்தப் புல்லுக்கட்டைப் பிடிச்சு இறக்கு அம்மிணி. கழுத்து நோகுது."